வலது கன்னத்துப் பருக்கை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளத்தில் இருக்கும் ஷியாமளாவுடையது. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "எழுதிக்கோங்கக்கா. ஆனா அவரைப் பாவமா காட்டிடாதீங்க."

முதல் தொடக்கம்: ஒரு காலத்தில் கப்பல்காரர்களையே அதட்டிய அந்த வாய், இன்று—

வேண்டாம். ஏழாவது சொல்லிலேயே பாவமாக்கிவிட்டேன்.

இரண்டாவது: பற்களை நாம் காப்பாற்றினால் பற்கள் நம்மை—

இது பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

அவள் கணவர் பத்மநாபனுக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடிக்காரர். துறைமுக வேலையில் மாற்றலாகி இந்த வங்காள நகரத்துக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. போன வருடம் பக்கவாதம் வந்து வலக்கையும் முகத்தின் வலப்பக்கமும் மரத்துப்போயின. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். குளிக்க, சட்டை மாட்ட, எல்லாவற்றுக்கும் ஷியாமளா வேண்டும். பல் தேய்ப்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடக்கையால் தானே தேய்த்துக்கொள்வார். அது ஒன்றாவது அவருக்கென்று இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

(கவனித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். முதல் பிரதியில் நானும் கேட்டிருந்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் கதவுக்கு வெளியே நின்றது அசட்டையால் அல்ல, மரியாதையால்.)

3

ஒருநாள் அவர் வலது கன்னம் வீங்கி, காய்ச்சலும் வந்தது. கரியாஹாட்டில் பல் டாக்டரிடம் போனோம், துணைக்கு நானும். டாக்டர் சென்குப்தா சின்னப் பெண். கன்னத்தை விரலால் விலக்கி, பஞ்சால் எதையோ துடைத்தெடுத்தாள். சோற்றுப் பருக்கைகள்.

"பௌதி, இவர் காலையில் என்ன சாப்பிட்டார்?" என்று ஷியாமளாவிடம் வங்காளியில் கேட்டாள். பௌதி என்றால் அண்ணி.

"இட்லி."

"அப்படியானால் இது நேற்றுச் சாப்பிட்டது."

அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் உணவு தங்குவது அவருக்குத் தெரியவில்லை. பிரஷ்ஷும் அங்கே எட்டவில்லை. மாத்திரைகளால் எச்சில் வேறு வற்றியிருந்தது. கடைவாயில் இரண்டு பற்கள் சொத்தை. வீக்கம் வடிந்தபின் ஒன்றைப் பிடுங்க வேண்டும். மற்றதை அடைத்துக் காப்பாற்றலாம். "இனி நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட். ஈறு ஓரமாக, மெதுவாக. சாப்பிட்டதும் கன்னத்தைப் பாருங்கள்."

பத்மநாபன் கூரையைப் பார்த்தபடி இருந்தார். (என்ன நினைத்தார் என்று அரைப் பக்கம் எழுதிக் கிழித்தேன். எனக்குத் தெரியாது.)

4

பல் பிடுங்கி ஒரு வாரத்துக்குப் பின் ஷியாமளா பிரஷ்ஷோடு அவர் எதிரே நின்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினாள். விரலால் உதட்டை விலக்கினாள். கடித்துவிட்டார். விரலில் ரத்தம்.

"நான் என்ன உங்களுக்கு எதிரியா? எனக்கு மட்டும் ஆசையா?" என்று கத்தினாள். எனக்கே மேலே கேட்டது. பிறகு இருவரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று நாள் அவரும் தேய்க்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை, கண்ணாடி முன் இரண்டு முக்காலிகளைப் போட்டு அவரை ஒன்றில் உட்காரவைத்தாள். தன் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்து அவர் இடக்கையில் கொடுத்தாள்.

"முதல்ல நீங்க எனக்குத் தேச்சு விடுங்க. எப்படி இருக்குன்னு பாக்குறேன்."

வாயைத் திறந்தாள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். அவர் முன்னாடி வாயைத் திறந்து காட்டினதே இல்லக்கா. கூச்சத்துல கண்ணை மூடிக்கிட்டேன்" என்றாள் என்னிடம்.

அவர் தேய்த்தார். மெதுவாக, ஒவ்வொரு பல்லாக. ஓரிடத்தில் கை நின்றுவிட்டது.

"ஓட்டை," என்றார்.

ஆமாம், அவளுக்கும் சொத்தை. நான்கு மாதமாக வலி. கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. மூன்று பகுதிகள் எழுதியும் என் கதாநாயகிக்குப் பல்வலி என்பது எனக்கே தெரியவில்லை. வலி அவருக்குத்தான் என்று முடிவுகட்டியிருந்தேன்.

"உங்களது ஆனப்புறம் பாத்துக்கலாம்னு..." என்று இழுத்தாள்.

"டாக்டர்," என்றார் பத்மநாபன். "இன்னிக்கு."

பிறகு பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, தன் வாயைத் திறந்தார்.

5

அன்று நாற்காலியில் உட்கார்ந்தவள் ஷியாமளா. பக்கத்தில் நின்றவர் அவர். டாக்டர் ஏதோ சொல்ல, "நல்லா பாருங்க" என்று தமிழிலேயே அதட்டினாராம்.

இனி முடிவு. அவர் வலக்கை தேறி, தானே தேய்த்துக்கொள்வதாக ஒன்று எழுதிப் பார்த்தேன். பொய். இருவரும் தினமும் ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுவதாக இன்னொன்று. அதுவும் பொய். இடப்பக்கம் அவர் தேய்த்துக்கொள்கிறார், வலப்பக்கம் அவள் தேய்த்துவிடுகிறாள். சில காலைகளில் சண்டையும் உண்டு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். காலை ஏழு மணிக்குக் கீழே குழாய் திறக்கும். ஒருவர் கொப்பளித்துத் துப்புவார், பிறகு மற்றவர். அப்புறம் அவர் ஏதோ ஒரு சொல் சொல்வார். அவள் சிரிப்பாள்.

அந்தச் சொல் எனக்குக் கேட்பதில்லை. கீழே போய்க் கேட்கவும் மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.