ஓட்டு மேடையில் விக்கெரி

நான் கேப்டன் ஹ்யூ டாரன்ட். கடலில் இருபத்தாறு வருஷம், நாடாளுமன்றத்தில் ஒன்பது வருஷம். துறைமுக ஊர்களில் இன்றும் என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறார்கள். எனக்கோ கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே கூசுகிறது.

என் கப்பலில் ஆம்ப்ரோஸ் விக்கெரி என்றொரு மாலுமி இருந்தான். என் அறையில் பிராந்திப் புட்டி ஒன்றைத் திருடினான் என்று, எல்லாரையும் மேல்தளத்தில் நிறுத்தி, அவனுக்கு இருபத்துநாலு கசையடி கொடுக்கவைத்தேன். மூன்றாம் நாள் என் பணியாளின் பெட்டியில் அந்தப் புட்டி கிடைத்தது. அதற்குள் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தேன். திருத்தினால் பதவி உயர்வு போச்சு. புட்டியைக் கடலில் வீசிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, கப்பல்கட்டும் ஊர் ஒன்றில் அரசாங்கக் கட்சிக்காகத் தேர்தலில் நின்றேன். ரகசிய ஓட்டு வராத காலம். ஓட்டுப் போடுபவர் மேடையேறி, ஊர் கேட்க வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும். மேடையில் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர், தனக்கு ஓட்டுப் போட்டவரை அங்கேயே பெயர் சொல்லி நன்றி சொல்ல வேண்டும்.

மத்தியானம் வரிசையில் விக்கெரி வந்தான். நான் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார்," என்றார் என் தேர்தல் ஏஜென்ட் பார்ஜிட்டர். "அரசாங்கக் கப்பல்கட்டும் தளத்துலதான் வேலை பாக்கறான். மேஸ்திரி கீழேயே நிக்கறாரு. மாத்திச் சொல்லுவானா?"

"டாரன்ட்," என்றான் விக்கெரி.

கூட்டம் ஊளையிட்டது. "டேய் விக்கெரி, உன் முதுகுல கையெழுத்துப் போட்டவருக்கா ஓட்டு?"

"திருட்டுப்பய, வேற யாருக்குப் போடுவான்!"

அவன் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னான்: "புட்டி கிடைச்சது எனக்குத் தெரியும் சார். உங்க பணியாளே சாகறப்போ சொல்லிட்டான். அடிச்சதை விடுங்க. என் பொண்ணை இந்த ஊர்ல எல்லாரும் திருடன் மகள்னு கூப்பிடறாங்க. 'இவன் திருடலை'ன்னு ஒரு வார்த்தை, இவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க சார். நான் சொன்னா யாரு நம்பறா?"

எழுந்தேன். கூட்டம் அடங்கியது. பார்ஜிட்டர் என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். "ஒன்பது ஓட்டுதான் சார் முன்னால இருக்கோம்."

"நன்றி, மிஸ்டர் விக்கெரி," என்றேன். "அடுத்தவர் வரலாம்."

அவன் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்தபடி படியிறங்கிப் போனான். திட்டியிருந்தாலாவது எனக்குக் கோபப்பட ஒரு சாக்கு கிடைத்திருக்கும். பதினோரு ஓட்டில் ஜெயித்தேன். வெட்கங்கெட்டவன், அன்றைய விருந்தில் இரண்டு தரம் கறி வாங்கிச் சாப்பிட்டேன்.

சில வருஷம் கழித்து, கசையடியை ஒழிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். "எனக்குத் தெரிந்த ஒரு கேப்டன்" என்று ஆரம்பித்து, புட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். எதிர்க்கட்சிக்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, "பாவம், அந்த மாலுமி பேரு என்னங்க?" என்று கேட்டார்.

"ஞாபகம் இல்லை," என்றேன்.