கீழ்க்கட்டளையில் ஒரு சர்வே

தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம். நாம் அணுகுண்டு வெடிக்க வைத்து, பதிலுக்குப் பாகிஸ்தானும் வெடிக்க வைத்து, டீக்கடைக்கு டீக்கடை போர் நடந்துகொண்டிருந்த நேரம். கீழ்க்கட்டளை கேசவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருடைய கவலை ரெண்டடி. தன் வீட்டுக்கும் தசரதன் வீட்டுக்கும் நடுவே இருந்த பொதுச் சந்தில் ரெண்டடியை வளைத்துப் போட்டு, புதுசாக பாத்ரூம் கட்டியிருந்தார். அடுத்த வாரம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை யாரும் இடிக்க வந்து மானத்தை வாங்காமல் இருக்க வேண்டும். தசரதன் மட்டும் என்ன யோக்கியம்? அந்தப் பக்கம் அவரும் ரெண்டடியில் மாடிப்படி ஏற்றியிருந்தார். ஆனால் கேட்டால் இரண்டு பேருமே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காகிதக் கத்தையோடு அருள்மேரி என்கிற காலேஜ் பெண் வந்து கேட்டைத் தட்டினாள்.

"சர்வே எடுக்க வந்திருக்கேன் சார். அணு ஆயுதத்தைப் பத்தி..."

சர்வே என்றதுமே கேசவன் பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சர்வே, சங்கிலி பிடித்து நிலம் அளப்பது ஒன்றுதான். அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

"நம்மகிட்ட இருக்கிறதை வெச்சுக்கணுமா, விட்டுடணுமா சார்?"

"இன்னாம்மா இது! கஷ்டப்பட்டுக் கட்னத எப்டி வுட முடியும்?"

அருள்மேரி ஒரு டிக் அடித்தாள். "பக்கத்துல இருக்கிறவங்க விட்டுட்டா?"

"அவன் மொதல்ல வுடட்டும்."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விட்டா?"

"அவன நம்ப முடியாதும்மா. இன்னிக்கு இடிச்சுட்டு நாளைக்கே கட்டிடுவான்."

இவ்வளவு விவரமாக அந்தத் தெருவில் யாரும் பேசவில்லை. அருள்மேரி உற்சாகமாகக் கடைசிக் கேள்விக்கு வந்தாள். "வெளியாளுங்க வந்து சோதனை போட சம்மதிப்பீங்களா?"

கேசவன் உடைந்துபோனார். "வேணாம்மா! ரெண்டடி வளச்சுப் போட்டது நெஜந்தான். பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே இடிச்சுடறேன்!"

"எந்த ரெண்டடி சார்? நான் அணுகுண்டைக் கேட்டேன்."

போன உயிர் கேசவனுக்குத் திரும்பி வந்தது. "குண்டா? அது இன்னாத்துக்கும்மா நமக்கு? இன்னிக்கே தூக்கிப் போடச் சொல்லு!"

அருள்மேரி போட்ட டிக்கையெல்லாம் அடித்துத் திருத்தத் தொடங்கினாள். அப்போது மாடிப்படியிலிருந்து தசரதன் எட்டிப் பார்த்தார்.

"அந்த ரெண்டடியையும் எழுதிக்கோம்மா. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."