நட்டத்திலும் வந்த நானூற்று இருபது

மேலப்பாளையத்தில் பங்குச் சந்தை பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் அகமது மீரானைத் தேடிப் போவார்கள். மஸ்கட்டில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு 1991இல் ஊர் திரும்பியவர் அவர். கொண்டுவந்த பணத்தைப் பாங்கியில் டெபாசிட் போட அவருக்கு மனமில்லை, மார்க்கத்தில் வட்டி ஆகாது. சொந்தமாகக் கடை வைக்கத் தெம்பில்லை. பங்கு வாங்குவது வியாபாரத்தில் கூட்டுச் சேர்வது போலத்தான், லாபமும் நட்டமும் நம்முடையது, அதில் தவறில்லை என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் சொன்னார். அதன் பிறகே ஜங்ஷனில் ஒரு மாடியறையில் பங்குத் தரகு நடத்திய தில்லைநாயகத்திடம் மீரான் போய்ச் சேர்ந்தார்.

பணம் போட்ட இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, பத்திரிகையின் வணிகப் பக்கங்களை வெட்டி வைத்து வாசித்தார். பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் பத்து ரூபாய் முகமதிப்பு. அதற்கு மேல் கம்பெனி கேட்பது பிரீமியம். பழைய பங்குதாரருக்குச் சும்மா கொடுப்பது போனஸ். விலை குறைத்து அவருக்கே முதலில் கொடுக்க முன்வருவது உரிமைப் பங்கு. பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது யாராவது கேட்டால் இதையெல்லாம் நிதானமாகச் சொல்வார். 'புக் குளோஷர்' என்றால் கம்பெனியை மூடுவதல்ல, லாபத்தைப் பங்கிட்டுத் தரும் டிவிடெண்ட் யார் யாருக்கு என்று தீர்மானிக்கப் பங்குதாரர் பட்டியலைச் சில நாள் மூடி வைப்பது என்று அவர் விளக்கியதில், கம்பெனி போயிற்று என்று பயந்திருந்த ஒருவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

1992 கடைசியில் சந்தை சரிந்து கிடந்தபோது, தில்லைநாயகம் ஒரு சிமெண்ட் கம்பெனியின் விண்ணப்பத்தைக் காட்டினார். ஒரு பத்திரம் இருநூறு ரூபாய், ஆறு மாதத்தில் பங்காக மாறும், விண்ணப்பித்த அளவு நிச்சயம் கிடைக்கும் என்றார். மீரான் இருநூறு பத்திரங்கள் வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து இன்னும் ஒன்பது பேர் வாங்கினார்கள். அவர்களில் ஒருவன் நெசவாளி அசன் முகம்மது, ஐம்பது வாங்கினான். சொன்னபடி பங்கு வந்தது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பணமும் வந்தது. மீரானுக்கு அது நேரே பாங்கியில் அவருடைய வட்டியில்லாத நடப்புக் கணக்கில் ஏறியது. கையில் காகிதம் எதுவும் வரவில்லை. டிவிடெண்ட் என்று நினைத்தார். மற்றவர்களுக்கும் அப்படியே சொன்னார்.

எல்லாம் ஹஜ்ஜுக்கான பணம். அவர் மஸ்கட்டிலிருந்த பத்தொன்பது வருடமும் மனைவி சித்தி ஜனாபா கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவள். போனால் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. 1995 ஜனவரியில் ஹஜ் பயணிகள் பட்டியலில் இருவர் பெயரும் வந்தன. ஜனாபாவின் தம்பி யூனிஸ் பெயரும் இருந்தது. மார்ச் கடைசிக்குள் மீதிப் பணத்தைக் கட்ட வேண்டும். பங்குகளை விற்று, சேர்ந்திருந்த பணத்தையும் எடுத்தால் இருவருக்கும் சரியாக வரும்.

அந்த ஜனவரியில்தான் அசன் முகம்மது ஒரு தபால் உறையுடன் வந்தான். சிமெண்ட் கம்பெனிக்குப் பெருத்த நட்டம், இந்த வருடம் டிவிடெண்ட் கிடையாது என்று பத்திரிகையில் வந்த செய்தியை முந்தின வாரம் மீரானே அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தார்.

"மாமா, வராதுன்னு சொன்னீய. வந்திருக்கு. அதே நானூத்தி இருவது."

மீரான் பழைய பாக்கியாக இருக்கும் என்றார்.

"லாபத்துலயும் நானூத்தி இருவது, நட்டத்துலயும் நானூத்தி இருவது. தறி ஓடுனாலும் ஓடாட்டாலும் கூலி ஒண்ணுன்னா அது என்ன தொழிலு மாமா?"

மீரான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறைக்குள்ளிருந்த காசோலைக் காகிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் தலைப்பிலேயே 'இன்ட்ரஸ்ட்' என்று இருந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாததல்ல. பதினான்கு சதவீதம் என்றும் கீழே போட்டிருந்தது. இப்போது இதைப் பாங்கியில் கொடுக்கலாமா என்று அசன் கேட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று மீரான் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை தில்லைநாயகத்தின் மாடியறையில் அவர் அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"ஆமா பாய், டிபெஞ்சருக்கு வட்டி," என்றார் தில்லைநாயகம். "ஒரு பத்திரத்துல ரெண்டு துண்டு. எம்பது ரூவா ஷேரா மாறிட்டு. மிச்சம் நூத்தி இருவது நீங்க கம்பெனிக்குக் குடுத்த கடன். ஏழாவது வருசம் திருப்பித் தருவான்."

"நான் கடன் குடுக்க வரல அண்ணாச்சி. கூட்டுச் சேர வந்தேன்."

நட்டம் வந்தால் பங்குதாரருக்கு ஒன்றும் கிடையாது, கடன் கொடுத்தவனுக்கு வட்டி கொடுத்தே தீர வேண்டும், அந்தப் பாதுகாப்புக்காகத்தான் இந்தப் பத்திரத்துக்கு எழுதினேன் என்று தில்லைநாயகம் சொன்னார். அவர் ஏமாற்றுகிற ஆள் அல்ல. பாங்கி வட்டிதான் மீரானுக்கு ஆகாது என்று நினைத்திருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"ஊருக்கே நீங்கதான வெளக்கம் சொல்லுதீய. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நெனைப்பேன்?"

கடன் துண்டை இப்போதே விற்றுத் தருகிறேன், தொண்ணூறு ரூபாய்க்கு ஆள் இருக்கிறது என்றார் தில்லைநாயகம். யோசித்துச் சொல்வதாக மீரான் எழுந்தார். பஸ்ஸில் ஏறாமல் கொக்கிரகுளம் பாலம் வழியாக நடந்தே வந்தார். ஆற்றில் நல்ல தண்ணீர் போனது.

ஹஜ்ரத் முழுவதையும் கேட்டார். முதல் உங்களுடையது, வட்டி உங்களுடையதல்ல. நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள், பயணத்துக்கு அதில் ஒரு பைசா சேரக்கூடாது என்றார். கடனைக் குறைந்த விலைக்கு விற்பதும் கூடாது. முதல் திரும்புகிறவரை பொறுக்க வேண்டும். முதல் திரும்ப 1999 ஆகும். கையிலுள்ள பங்குகளை எல்லாம் விற்றால் ஒருவர் போகும் செலவுக்கு வரும். மேல்கொண்டு மீரானுக்கு வழியில்லை.

வீட்டில் ஜனாபா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். யூனிஸோடு நீ போய் வா என்று அவர் முடித்ததும்தான் பேசினாள்.

"பத்தொம்பது வருசம் ஒத்தையில இருந்தேன். இப்பவும் ஒத்தையில போவச் சொல்லுதீய."

"யூனிஸு இருக்கான்லா."

"நான் தொணைக்கு ஆளு கேக்கல."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். ஒரு வாரம் இருவருக்குள்ளும் பேச்சு சோற்றோடும் தண்ணீரோடும் நின்றது. பிறகு ஒருநாள் படி ஏறும்போது அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, இன்னும் நாலு வருடம் இந்தக் கால் தாங்குமா என்று மட்டும் கேட்டார். மறுநாள் யூனிஸை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய், செய்த பிழையைப் பொறுக்கும்படி கேட்டு வருவார்கள். ஏப்ரலில் ஜனாபா தெருத் தெருவாகப் போனாள். பயணம் இல்லாத மீரானும் கிளம்பினார். அவர் போனது ஒன்பது வீடுகளுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் நின்றபடியே, இது டிவிடெண்ட் இல்லை, வட்டி, தப்பு என்னுடையது என்றார். இரண்டு பேர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர், நீர் இனிமேல் எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம் வே என்று கதவைச் சாத்தினார்.

கடைசி வீடு அசன் முகம்மதுவுடையது. தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கேட்டான். முதல் மூன்று தடவை வந்த பணத்தில் கூரைக்கு ஓடு மாற்றிவிட்டதாகச் சொன்னான். மீரான் திருப்பிக் கொடுத்திருந்த நானூற்று இருபது ரூபாய்க் காகிதத்தை இன்னும் பாங்கியில் கொடுக்காமல் வைத்திருந்தான்.

"நான் பொறுத்துக்கிட்டேன் மாமா," என்றான் அசன். "ஆனா ஒண்ணு கேக்கேன். நம்மட்ட ஷேர் இருக்க மத்த கம்பெனியும் பேங்க்ல கடன் வாங்கி வட்டி கெட்டத்தான செய்யும்? நாமளும் அதுல கூட்டுத்தான?"

மூன்று வருடமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு மீரானிடம் உடனே பதில் இருந்தது. அந்தக் கம்பெனிகளின் பங்குகளை விற்ற பணமெல்லாம் டிராஃப்டாகி, ஜனாபாவின் பெயரில் ஹஜ்ஜுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"தெரியல அசனு," என்றார்.

அசன் ஒரு பலகையை நகர்த்திப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.