பதினாறாவது இலக்கம்

எங்கள் இறால் கம்பெனியில் எதற்கும் பயப்படாதவர்கள் இரண்டு வகை. அம்மோனியா என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் ஒன்று. 'காரு' என்று தெலுங்கு மரியாதை சேர்த்தே நாங்கள் அழைக்கும் எங்கள் மேனேஜர் வர்மகாரு இன்னொன்று. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. குழாய் கொஞ்சம் உறுமினாலே நான் வாசலைப் பார்த்து ஓடுவேன். அதனால்தானோ என்னவோ, வாயு அளவைப் பார்த்து விசாகப்பட்டினத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. அம்மோனியா வாயுவால் குளிரூட்டுகிற அறைகள் பதினாறு. ஒவ்வொன்றிலும் வாயுவை மோப்பம் பிடிக்க ஒரு கருவி. கசிவு இல்லையென்றால் 0, இருந்தால் 1. பதினாறு கருவியின் பதிலும் ஒரே வரியாக, முதல் அறை இடது ஓரத்திலும் கடைசி அறை வலது ஓரத்திலுமாக, ஒரு ஃபைலில் வந்து விழும். அந்த பைனரி வரியை எக்செல்லில் திறந்தால், அதிலிருக்கும் சூத்திரம் நாலு நாலு இலக்கத்தை ஓர் எழுத்தாகச் சுருக்கும் ஹெக்ஸ் முறைக்கு மாற்றி நான்கே எழுத்தாகக் கொடுக்கும். பதினாறு இலக்கத்தைப் போனில் சொன்னால் நாக்கு குழறும், நான்கு எழுத்தென்றால் தூக்கத்திலும் சொல்லலாம் என்று தலைமை அலுவலகம் செய்த ஏற்பாடு. எக்செல்லோடு வருகிற மாற்றுச் சூத்திரம் பத்து இலக்கத்துக்கு மேல் விழுங்காது. ஆகவே வரியை எட்டெட்டாக வெட்டி, தனித்தனியாக மாற்றி, மறுபடி ஒட்டியிருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். நானே வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் எழுத்து எப்போதும் 8000. முதல் அறைக் கருவி கெட்டுப்போய், காற்று சுத்தமாக இருந்தாலும் 1, 1 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. முன்னால் நிற்கிற 8 அந்தக் கெட்ட கருவியால் வருவது; 1000 என்ற முதல் நாலு இலக்கம் ஹெக்ஸில் 8. மாற்றுக் கருவி வருகிறது, வருகிறது என்றார்கள். எல்லா அறைக்கும் பொதுவான சைரன் ஓயாமல் அலறியதால், அதுவரைக்கும் என்று வர்மகாரு அதன் வாயை அடைத்துவிட்டார். சிவப்பு விளக்கு மட்டும் ராப்பகலாக எரியும். அதை இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது நூக்கரத்னம் வதினாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. என் கணவரின் அக்கா, அதனால் எனக்கு வதினா. பெட்டி அடுக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அந்தத் தம்பி குவைத்தில் இருக்கிறார், நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம்.

"என்ன வதினா, காலையிலயே அழுது முடிச்சாச்சா? சீரியல்ல யாரு செத்தா?"

"உன் வாயில கோங்கூர பச்சடிய அப்ப. கண்ணு எரியுதுடி லோவா. காலையில இருந்து கடைசி ரூம்ல தனியாத்தான் கிடக்கேன். நாளைக்கு வர்ற லாரி இன்னைக்கே வருதாம்."

"மிளகாய் கையோட தேய்ச்சிருப்பீங்க."

"தேய்ச்சாலும் தேய்ச்சிருப்பேன். எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சே. வீடே பத்தி எரிஞ்சாலும் நீ வந்து சொன்னாதான் உண்டு." போன முறை வந்த காய்ச்சலில் போன வாசனை அவருக்குத் திரும்பவேயில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "போ, போ, உன் குளுகுளு ரூமுக்குப் போ மகாராணி. நாலு எழுத்தைத் தட்டிட்டு உக்காரு" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். உட்கார்ந்தால் எக்செல் உறைந்துபோய் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அனுப்ப நேரமாகிவிட்டதே என்று அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். ஒரு நாளும் அப்படித் திறந்ததில்லை.

1000000000000001

கடைசியில் ஒரு 1. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இன்னொரு கருவியும் கெட்டுத் தொலைந்ததா என்று. அதற்குள் எக்செல் விழித்துக்கொண்டது. அதே ஃபைலை அதில் திறந்தேன். கடைசியில் 0. பக்கத்துக் கட்டத்தில் 8000.

இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஃபைல், ஒரே வரி. காலியான ஒரு கட்டத்தில் அந்தப் பதினாறு இலக்கத்தையும் நானே ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி 1 வரை திரையில் இருந்தது. என்டரைத் தட்டினேன். அந்த 1 என் கண் எதிரிலேயே 0 ஆனது.

ஓர் எண்ணில் பதினைந்து இலக்கத்துக்கு மேல் எக்செல்லுக்கு நினைவு நிற்காது, மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும் என்று எப்போதோ படித்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது. முதல் இலக்கம் 0 ஆக இருந்தவரை தொல்லை இல்லை. முன்னால் நிற்கிற பூஜ்யத்தை இலக்கமாகவே அது மதிப்பதில்லை. முதல் கருவி கெட்டு முன்னால் 1 வந்து நின்றதும் வரி முழுப் பதினாறு இலக்க எண்ணாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் கணக்கில் பதினாறாம் அறை கிடையாது. அங்கே என்ன கசிந்தாலும் 8000.

காலை ஃபைல்களை நோட்பேடில் திறந்தேன். முதல் ஷிப்டிலிருந்தே கடைசியில் 1.

கடைசி ரூம். கண்ணு எரியுதுடி லோவா.

தலைமை அலுவலகத்துக்கு 8001 என்று அடித்து அனுப்பிவிட்டு வர்மகாருவுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டத்துல எட்டாயிரம்தானம்மா காட்டுது?"

"சிஸ்டம் தப்புங்க. பதினாறாம் ரூம்ல கேஸ் இருக்கு. ஆளுங்கள வெளிய வரச் சொல்லுங்க."

"லாரி வாசல்ல நிக்குது. இப்பப் போய் ரூமைக் காலி பண்ணுன்னா எப்படி? உனக்கு எலி ஓடினாலே பயம். ஒரு தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை திறந்து பாரு."

இன்னொரு தடவை திறந்தாலும் அது அதே பொய்யைத்தான் சொல்லும். போனை வைக்காமல் மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

கம்ப்ரஸர் கொட்டகையில் ஆப்பரேட்டர் அப்பலநாயுடு செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். "பதினாறு, அண்ணா" என்றேன். மேற்கொண்டு பேச மூச்சு இல்லை. அவர் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அது எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து முகமூடியையும் காற்று சிலிண்டரையும் எடுத்தார். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் அறைப்பக்கம் போகாமல் குழாய்ப்பக்கம் திரும்பியதும் நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடும்மா. முதல்ல வால்வு. அதைத் திறந்து வெச்சிட்டு உள்ள போனா ரெண்டு பொணம் தூக்கணும்."

அவர் சக்கரத்தைத் திருகத் திருக எனக்கு உயிர் போய் வந்தது. துரு ஏறிய சக்கரம். ஒவ்வொரு சுற்றுக்கும் அவரை மனசுக்குள் திட்டினேன், கும்பிட்டேன், மறுபடி திட்டினேன்.

நடைவழியில் பாதி தூரத்திலேயே நெடி மூக்கை அறுத்தது. புடவைத் தலைப்பைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டேன். பெட்டி அடுக்கும் பெண்கள் சாப்பிட்ட கையோடு டீக்குப் போயிருந்தார்கள். வதினா போகமாட்டார். வாசனை தெரியாத டீயும் வெந்நீரும் ஒண்ணுதானடி என்பார். கடைசி அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தொங்குகிற பிளாஸ்டிக் பட்டைகளுக்கு அடியில் வெள்ளையாகப் புகை வழிந்தது.

நாயுடு என்னைச் சுவரோரம் தள்ளி, "இங்கேயே நில்லு, தண்ணிக் குழாயைப் பிடிச்சு வை" என்று சொல்லிவிட்டு முகமூடியை மாட்ட ஆரம்பித்தார். வார் அவிழ மறுத்தது. அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. தட், தட் என்று உள்ளங்கையால் சுவரைத் தட்டுகிற சத்தம். கண்ணைத் திறக்க முடியாமல் வதினா சுவரைத் தடவிக்கொண்டே கதவைத் தேடுகிறார் என்று புரிந்தது. நல்லவேளை என்று நினைத்தேன். ஆனால் அடுத்த தட்டு இன்னும் தள்ளிக் கேட்டது. அதற்கடுத்தது அதைவிடத் தள்ளி. கதவை விட்டு விலகி அவர் உள்ளே, உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"வதினா, இந்தப் பக்கம். என் குரலுக்கு வாங்க. வதினா."

வாயைத் திறந்ததும் நெருப்பை விழுங்கியதுபோல் இருந்தது. மறுபடி கத்த முயன்றேன், இருமல்தான் வந்தது. தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

நாயுடு உள்ளே போனார். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் நான் பயந்த பயமெல்லாம் அன்று பயந்ததற்கு ஒத்திகை. குவைத்துக்குப் போன் போட்டு என்ன சொல்வேன்? உன் அக்கா கண் எரியுதுன்னு சொன்னாங்க, நான் கேலி பண்ணிட்டு நாலு எழுத்தைத் தட்டப் போயிட்டேன் என்றா?

பட்டைகள் விலகின. நாயுடு அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வெளிவாசல் வரை தூக்கிப்போய் சிமெண்டுத் தரையில் உட்கார்த்தினோம். முகத்திலும் கண்ணிலும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. நெஞ்சு ஏறி இறங்கியது. அது ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் நான் அழ ஆரம்பித்தேன்.

வதினாவின் கை என் முகத்தைத் தடவியது. "யாரு, லோவாவா?"

"ஆமா வதினா."

"எனக்கு ஒரு வாசனையும் தெரியலடி" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர்போல.

வர்மகாரு கார் சாவியோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. காரின் பின் இருக்கையில் வதினாவை மடியில் சாய்த்துக்கொண்டேன். கார் கேட்டைத் தாண்டும்போது என் போன் அடித்தது. தலைமை அலுவலகத்துப் பிரணவி. எங்கள் எழுத்தையெல்லாம் வாங்கிச் சேர்க்கிற பெண்.

"லோவா காரு, எட்டு சைபர் சைபர் ஒண்ணுன்னு வந்திருக்கு. கை தவறி அடிச்சிட்டீங்களா? எட்டாயிரம்னு திருத்திடட்டுமா?"

"திருத்தினா உன் கையை ஒடிப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "இந்த ஷீட்டு எங்களுக்கு மட்டும்தானா, பொண்ணே?"

"இல்லங்க. எல்லா பிளாண்ட்டுக்கும் இதேதான். ஏங்க?"

"முதல் ரூம் கருவி 1 சொன்னா முதல் எழுத்து எட்டோ, ஒன்பதோ, இங்கிலீஷ் எழுத்தோதான் வரும். அப்படி வர்றது வேற எது இருக்கு? இப்பவே பார்த்துச் சொல்லு."

விசைகள் தட்டப்படும் சத்தம் கேட்டது. "ஒண்ணே ஒண்ணுங்க. C000. ஆனா அது எப்பவும் அப்படித்தான் வரும். அங்க முதல் ரெண்டு கருவியும் கெட்டுப்போச்சாம்."

"கடைசி ரூம்ல யாரு இருக்காங்கன்னு கேளு. கம்ப்யூட்டரைப் பார்க்காம நேர்ல போய்ப் பார்க்கச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் இன்னொரு போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். அங்கே மணி அடிப்பது எனக்கும் மெல்லக் கேட்டது. அடித்து நின்றது. மறுபடி போட்டாள்.

"எடுக்க மாட்டேங்கறாங்க" என்றாள். அவள் குரலும் மாறிவிட்டிருந்தது.

வதினா கண்ணைத் திறக்காமலே என் கையைப் பற்றினார். "யாரு எடுக்கலையாம்?"

நான் போனை இன்னும் அழுத்திக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.