காதால் கேட்டுச் சொல்பவள்

முனைவர் பட்டம் வாங்கிய வாரமே அவளுக்கு வீட்டில் இன்னொரு பட்டமும் கிடைத்தது: வண்டு டாக்டர். வைத்தது கணவன். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தபோது, "அவ மனுஷங்களுக்குப் பாக்கறதில்லீங்க, வண்டுக்கு மட்டும்தான்" என்று அவன் சொல்லிவைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஏழு வருடம் அவள் செய்த ஆராய்ச்சி, கோதுமை மணிக்குள் முட்டையிட்டு வளரும் வண்டைப் பற்றியது. முட்டையிலிருந்து வரும் புழு மணியை உள்ளேயிருந்தே தின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் தின்னும்போது மிகச் சின்னதாகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் பிடித்து, பதிவுசெய்து, எந்த வயதுப் புழு என்றுகூடப் பிரித்துச் சொல்ல அவளால் முடியும். பரீட்சகர்கள் எழுந்து நின்று கை கொடுத்தார்கள். அதோடு சரி.

முப்பத்தெட்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு இடத்திலிருந்து பதில் வந்தது, இரண்டும் "வருந்துகிறோம்". அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியையிடம் போய் உட்கார்ந்தாள்.

"பதினோரு பேருக்கு வழிகாட்டியிருக்கேன்மா," என்றார் அவர். "ரெண்டு பேருக்குத்தான் என்னை மாதிரி வேலை கிடைச்சுது. மத்த ஒன்பது பேரு எங்க போனாங்கன்னு நான் கேட்டுக்கவே இல்ல. படிச்ச காலத்துலேருந்து இந்த வளாகத்தைத் தாண்டுனதில்ல நான். வெளிய வழி எப்படின்னு எனக்கே தெரியாதே, உனக்கு என்னத்தைச் சொல்ல?"

நல்ல மனுஷி. பொய் சொல்லாதவர். அதனாலேயே அந்தப் பதில் அவளை அதிகமாகச் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் வந்திருந்தாள். அவளைவிட ஆறு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, லாரி ஓட்டுநர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் போன்றவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் கிடந்த விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினாள்.

"பதினாலு பக்கமா அண்ணி?"

"கட்டுரைப் பட்டியலே நாலு பக்கம்."

"எனக்கு ஒரு விண்ணப்பம் பாக்க இருபது நொடி. இதுல இருபது நொடியில நான் உங்க ஆராய்ச்சித் தலைப்பையே தாண்டல. மூச்சு வாங்குது." நாத்தனார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். "சரி, உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?"

"தானியக் கலன்கள்ல இளம்புழுப் பருவ ஒலியை..."

"அது எழுதுனது அண்ணி. செய்யத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. என்கிட்ட வர்ற ஓட்டுநர், 'மலைப்பாதையில ராத்திரி முழுக்க ஓட்டுவேன்'னு சொல்லுவார். அந்த மாதிரி."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. ஏழு வருடத்தை ஒரு வரியில் கேட்கிறாளே. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யோசித்துச் சொன்னாள்: "மூட்டையைப் பிரிக்காமலே உள்ள வண்டு இருக்கா இல்லையான்னு காதால கேட்டுச் சொல்லுவேன்."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். "நிஜமாவா? ஏழு வருஷமா இதைத்தான் செஞ்சீங்களா? ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"தலைப்புலயே இருக்கே."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் வேலையை ஆரம்பித்தார்கள். வண்டைக் கண்டு நடுங்குபவர்கள் யார் யார் என்று நாத்தனார் கேட்டுக்கொண்டே போனாள். மாவு மில், விதைக் கம்பெனி, பிஸ்கட் தொழிற்சாலை, தானியக் கிடங்கு. சாயங்காலத்துக்குள் பதினாலு பக்கம் ஒரு பக்கமானது. மொட்டையடித்துக்கொண்டது போலிருந்தது அவளுக்கு. தலை கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு தானியக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். தர ஆய்வாளர் வேலை.

கிடங்கு மேலாளர் கனத்த உடம்புக்காரர். கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருந்தது. அவளுடைய ஒரு பக்கத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார்.

"கேள்வியெல்லாம் கேக்கப்போறதில்ல. வெளிய அஞ்சு சைலோ நிக்குது. மதிய இடைவேளையில மோட்டாரை நாப்பது நிமிஷம் நிறுத்துவோம். அதுக்குள்ள எதுல வண்டு இருக்குன்னு சொல்லுங்க."

சைலோ என்று அவர் சொன்னது குதிர்தான். மூன்று மாடி உயரத்துக்கு இரும்பில். மோட்டார் ஓட்டுபவர் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். தான் கொண்டுவந்திருந்த, முனையில் ஒலிவாங்கி பொருத்திய நீண்ட கம்பியைக் கோதுமைக்குள் இறக்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். மேலாளரும் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குதிர் அமைதி. இரண்டாவதில் சரசரவென்று கால்கள் ஊர்ந்தன.

"இதுல வளர்ந்த வண்டு நடமாடுது."

மேலாளர் தலையாட்டினார். "தெரியும். காலையில சல்லடையில விழுந்துச்சு. உங்களைச் சோதிக்கத்தான் சொல்லல."

மூன்றாவதில் டிக், டிக் என்றது. புழுதானோ என்று தோன்றியது. பொறுத்தாள். சத்தம் ஒரே அளவாக வந்தது. புழு அப்படி ஒழுங்காகத் தின்னாது. கொஞ்சம் கடிக்கும், நிறுத்தும், மறுபடி கடிக்கும். வெயிலில் இரும்புத் தகடு விரிகிற சத்தம் இது. "ஒண்ணுமில்ல" என்றாள். நான்காவதிலும் ஒன்றுமில்லை.

"அஞ்சாவதை விட்டுடுங்க," என்றார் மேலாளர். "மருந்துப் புகை போட்டு, சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு. வியாழக்கிழமை லோடு ஏறுது. அதுல ஒண்ணும் கிடையாது."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவன் கதை அவளுக்கு நினைவு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பக்கத்துல வந்துட்டோம், அதையும் பாத்துடறேன் சார்" என்றாள்.

கம்பியை இறக்கினாள். முதலில் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு முழம் இறக்கினாள். காய்ந்த சருகில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. ஒரு இடத்திலிருந்து அல்ல, நாலா பக்கமிருந்தும்.

"சார், இதுலதான் அதிகம். எல்லாம் மணிக்குள்ள இருக்கற புழு."

மேலாளர் முகம் மாறியது. குத்தூசியால் மாதிரி எடுத்துக் கீழே கொண்டுவரச் சொன்னார். சல்லடையில் கொட்டி அரித்தார்கள். ஒரு வண்டுகூட விழவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் மேலாளர். குரலில் நிம்மதிதான் இருந்தது.

"சல்லடையில விழாது சார். இன்னும் வெளிய வரல. மணியை வெட்டிப் பாருங்க."

அவர் தாமே ஒரு பிளேடை எடுத்து உட்கார்ந்தார். ஒரு மணி, இரண்டு மணி. பத்து வரை வெறும் மாவுதான். ஆனாலும் கேட்டது கேட்டதுதான் என்று நின்றாள். பதினாலாவது மணியைப் பிளந்ததும் மேலாளர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டினார். உள்ளே வெள்ளையாக, குண்டாக, ஒரு புழு சுருண்டு கிடந்தது. அடுத்த இருபதில் இன்னும் மூன்று.

மோட்டார்க்காரர் மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூடியின் ரப்பர் ஓரம் ஒரு சாண் கிழிந்திருந்ததாம். போட்ட புகையெல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

"வியாழக்கிழமை இது ஏறியிருந்தா," என்றார் மேலாளர், "போற வழியிலேயே மொத்தமும் வண்டா வெளிய வந்திருக்கும். லோடு திரும்பி வந்திருக்கும். என் வேலையும் போயிருக்கும்." பிளேடை மெல்ல வைத்தார். "வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வந்துடுங்க."

வேலை கொடுத்தால் உடனே தலையாட்டாதீர்கள், ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள் என்று நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவள் ஒரு மூச்சு விட்டாள்.

"தர ஆய்வாளர் வேலைக்குச் சல்லடை பிடிக்கத் தெரிஞ்சவர் போதும் சார். நான் கேக்கறது வேற. உங்க கம்பெனிக்கு மொத்தம் ஒன்பது கிடங்கு இருக்கு. எல்லாத்துலயும் லோடு ஏறறதுக்கு முன்னாடி நான் கேட்டுப் பாக்கணும். எனக்கு ஒரு அறை, ரெண்டு உதவியாளர் வேணும். நான் கண்டுபிடிக்கறதை என் பேர்ல ஆராய்ச்சி இதழ்ல எழுதவும் அனுமதி வேணும்."

சொல்லி முடித்தபோது இது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "இல்ல சார், பிரிக்கவே இல்ல... காதால சார்... ஆமா சார், காதாலதான்." கால்மணி நேரம் பேசினார். திரும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாத்துக்கும் சரின்னுட்டாங்க."

வாசலுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் செய்தாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி. "நான் அழல அண்ணி. ஆபீஸ்ல தூசி," என்றாள் நாத்தனார்.

பேராசிரியைக்கும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "உன் நம்பரை இப்ப இருக்கற பிள்ளைங்களுக்குக் குடுக்கட்டுமா? போன அந்த ஒன்பது பேரையும் தேடிப் பிடிக்கப்போறேன். எங்கெங்க இருக்காங்கன்னு இவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

திங்கட்கிழமை, சாக்கு அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். கதவில் அவள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதிய பலகை தொங்கியது. மத்தியானம் மோட்டார் நின்றதும் மோட்டார்க்காரர் தயங்கித் தயங்கி வந்தார். பின்னால் இன்னும் ஐந்தாறு பேர்.

"நாங்களும் ஒரு தடவை கேக்கலாமா டாக்டர்?"

இரண்டாம் குதிருக்கு ஏறினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் முகத்தைச் சுளித்த மோட்டார்க்காரர், மெல்ல வாயைப் பிளந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இதுமேலயே நடந்துட்டிருக்கேன்," என்றார். "உள்ள ஒரு ஊரே இருக்கு."

அடுத்தவர் கையை நீட்டினார். அவள் கம்பியை இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினாள்.