புதுக் கத்தியில் பிசிறு

கத்தியை வாங்கி வந்தவள் அவள். அதனால் கத்தியில் என்ன குறை இருந்தாலும் அது தன் தலையில்தான் விடியும் என்பது அட்டையைப் பிரிக்கும்போதே அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் வேறு எதைக் கற்றுக்கொண்டாளோ இல்லையோ, இதைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"என்ன கத்தி இது? வெண்ணெயைக் கொடுத்தாக்கூட யோசிக்கும் போலிருக்கே," என்றார் கணவர்.

அவர் கேபிள் ஜாயின்டர். தெருவுக்கு அடியில் ஓடும் மின்சாரக் கேபிள்களை ஒட்டுப்போடுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு ‘சர்ஜன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மடக்குக் கத்தியால் கேபிளின் மேல்தோலைச் சுற்றிக் கீறி அவர் உரித்தால் உள்ளே இருக்கும் செம்பில் ஒரு கீறல் இருக்காது. கீறல் விழுந்த கம்பி என்றைக்காவது அந்த இடத்தில் சூடாகி முறியும். அவர் ஒட்டுப்போட்ட இடத்தை இன்றுவரை யாரும் மறுபடி தோண்டியதில்லை.

நாலு மாதம் முன்னால், குழிக்குள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்தார். பக்கவாதம். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குக் கத்தியின் நினைப்பு எங்கே வரப்போகிறது? மறுநாள் கத்தி உள்ளே கிடக்கவே குழியை மூடித் தாரும் போட்டுவிட்டார்கள். அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. நடையும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை மட்டும் அடம்பிடித்தது.

புதன்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் அவர் பத்து கேபிள் முனை உரித்துக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் பழைய வேலை. வராவிட்டால் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு, வருகிற போகிற வண்டியின் நம்பரை எழுதுகிற வேலை. "அதுக்கு என்னை அந்தக் குழிக்குள்ளேயே விட்டுட்டு மூடியிருக்கலாம்," என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே புதுக் கத்தி. முதல் நாளே வீட்டில் கிடந்த கேபிள் துண்டை எடுத்து ஐந்து முனை உரித்தார். ஐந்திலும் கீறல். முகத்தில் ஈயாடவில்லை. கையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். பிறகு இடது கையால் கத்தியை அவளிடம் நீட்டினார்.

"டியூப் லைட்டுக்குக் கீழ பிடிச்சு, கூர் எங்கேயாவது மின்னுதான்னு பாரு."

ஆளறிந்துதான் கேட்டார். அவள் ரெடிமேடு சட்டைக் கம்பெனியில் செக்கர். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டைகள் அவள் கண்ணுக்குக் கீழே போகும். தையல் பிசகு, நூல் பிசிறு, பித்தான் கோணல் எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள். "குறை சொல்றதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே பெண்டாட்டி நீதான். மத்தவங்க சும்மாவே செய்யறாங்க," என்று அவர் கேலி செய்வது வழக்கம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கூரின் நடுவில் ஓர் அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு.

"மின்னுதுங்க! நடுவுல!"

"அதானே பார்த்தேன்! நல்ல கூர் கண்ணுக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த இடம் மொட்டைன்னு அர்த்தம். கத்தி மொட்டையா இருந்தா அழுத்தத் தோணும். அழுத்தினா செம்புல படாம வேற எங்க படும்?"

புதுப் பொருளில் குறை கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பம் அந்தத் தெருவில் வேறு இருந்திருக்காது.

கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றார். "பிரிச்ச சாமானைத் திருப்பி எடுக்கிறதில்லைம்மா. நாலு தடவை வெட்டினா தானா கூராயிடும்," என்றார். வெட்ட வெட்ட மொட்டையாவதுதானே கத்தி? இந்த மனிதர் எந்த உலகத்துக் கத்தியை விற்கிறாரோ தெரியவில்லை. அவள் வாக்குவாதம் பண்ணாமல், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக இருந்த தீட்டுக் கல்லை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்லைச் சமையல் மேடையில் ஈரத் துணிமேல் வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் தீட்டினாள்.

"சாய்வை மாத்தாதே. முதுகு கல்லுலேருந்து ரெண்டு காசு கனத்துக்குத் தூக்கி இருக்கணும். அவ்வளவுதான். ஏய், கல்லுக்கு இஸ்திரியா போடறே?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது உங்களுக்கு."

"அதையாவது விடு."

மொட்டை போனதும் பிசிறு வந்தது. ஒரு பக்கம் தீட்டினால் கூரில் மெலிந்த இரும்பு மறுபக்கமாகச் சுருண்டு நிற்கும். பஞ்சை இழுத்தால் மாட்டும். அதையும் திருப்பித் திருப்பித் தீட்டி எடுத்தாள். வெள்ளிக்கிழமை அவர் மறுபடி உரித்தார். ஐந்துக்கு நாலில் கீறல்.

"இன்னும் ஏதோ இருக்கு. நகத்துமேல வெச்சு மெதுவா இழுத்துப் பாரு. பல் விழுந்திருந்தா தட்டும்." முதலில் தன் வலது கட்டைவிரல் நகத்தில்தான் அவர் இழுத்துப் பார்த்திருந்தார். அது யார் வீட்டு நகமோ என்பது போலச் சும்மா இருந்தது.

அவள் இழுத்தாள். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் நகத்தில் ஒரு சின்னத் தட்டு. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவளுக்கு. "தட்டுதுங்க! நுனிகிட்ட பல் விழுந்திருக்கு!"

"பார்த்தியா? கடைக்காரன் நல்லா இருப்பான்!" என்று அவர் சிரித்தார். அவர் வாய் இரண்டு பக்கமும் சமமாக விரிந்து அவள் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது.

பல்லைப் போக்க முழுக் கூரையும் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். சனியும் திங்களும் கம்பெனி விட்டு வந்ததும், ஞாயிறு முழுநாளும் கல்லடியில் நின்றாள். விரல் நுனிகள் கறுத்து, வெள்ளைச் சட்டையில் கறை படிந்து கம்பெனியில் திட்டு வாங்கினாள். பரவாயில்லை. தேய்த்தால் தீரும் குறையாக ஒன்று அந்த வீட்டில் இருந்ததே, அதுவே பெரிய விஷயம்.

செவ்வாய் சாயங்காலம் கத்தியை வெளிச்சத்தில் பிடித்தாள். மின்னவில்லை. பஞ்சில் மாட்டவில்லை. நகத்தில் தட்டவில்லை. செய்தித்தாளை நீட்டிப் பிடித்து இழுத்தாள். தாள் சத்தமில்லாமல் இரண்டாகியது. சட்டையாக இருந்தால் பாஸ் முத்திரை குத்தி அனுப்பியிருப்பாள். ஆனால் குறையே இல்லாத ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கீழே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாமோ என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பத்து முனைகளை வரிசையாக வைத்துக்கொண்டார். இடது கையில் கேபிள், வலது கையில் கத்தி. முதல் முனை சுத்தமாக வந்தது. இரண்டாவதில் கத்தி சுற்றி வரும்போது பாதி வழியில் மணிக்கட்டு தளர்ந்தது. உடனே, விட்டதைப் பிடிப்பது போல அழுத்தியது. அவர் அழுத்தச் சொல்லவில்லை. கை தானாக அழுத்தியது. பத்தும் முடிந்தபோது ஏழில் செம்பு வெட்டுப்பட்டிருந்தது. கத்தி நன்றாகக் கூராகிவிட்டதால் வெட்டு முன்னைவிட ஆழம்.

இரண்டு பேரும் அந்த ஏழு முனைகளையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஏதோ குறை இருக்கு. பாரு," என்றார்.

அவள் நகத்தில் இழுத்தாள். அடியிலிருந்து நுனிவரை எண்ணெயில் போவது போலப் போனது. இன்னொரு தடவை இழுத்தாள். பதினாறு வருஷ வேலையில் நல்ல சட்டையின்மேல் அவள் ஒருநாளும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியதில்லை.

"இருக்குங்க," என்றாள்.

"எங்கே?"

"நுனிகிட்டதான். லேசா தட்டுது."

அவர் கத்தியை இடது கையில் வாங்கி, கூர் மேலே பார்க்க முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டார். வலது கட்டைவிரலை விட்டுவிட்டு, இடது கட்டைவிரல் நகத்தைக் கூரில் வைத்து, மெதுவாக, நுனிவரை கொண்டுபோனார். பக்கவாதம் தொடாத அந்த நகத்துக்கு எல்லாம் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து தரையில் கிடந்த கேபிள் தோல்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.



"ஆமா. தட்டுது," என்றார் அவர்.

அவள் நிமிரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் இவ்வளவு மென்மையாகப் பொய் சொன்னதில்லை.

"இப்படிப்பட்ட கத்தியை வெச்சுக்கிட்டு நாளைக்கு எப்படிப் போறது?" என்றார். "சூப்பர்வைசருக்குப் போன் போடு. கத்தி சரியில்லை, வேற வாங்கிட்டு ஒரு மாசம் கழிச்சு வர்றேன்னு சொல்லு."

அவள் போன் போட்டாள். சூப்பர்வைசர் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை செய்தவர். தங்கமான மனுஷன்; குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"கத்தியா? அட, இதுக்குப் போய் யாராவது தேதியைத் தள்ளுவாங்களா அண்ணி? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. போன வருஷம் அண்ணனே தீட்டிக் கொடுத்தது. எடுக்க மனசு வராம பெட்டியிலேயே வெச்சிருக்கேன். அதைக் கொண்டு வர்றேன். அண்ணனை வரச் சொல்லுங்க, பத்து மணிக்கு."

"சரிங்க," என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் சொல்லாமலே அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கத்தியா?" என்றார். "அதை நான் ரெண்டு நாள் உட்கார்ந்து தீட்டினேன். அதுல ஒரு குறையும் இருக்காதே."