மேஜர் ஜெனரல் தம்ரோங்கின் கட்டளைகள்

தாய்லாந்தின் லோப்புரியில், மேஜர் ஜெனரலாக உயர்ந்த அன்று காலையே தம்ரோங்கின் கட்டளைகளுக்குச் சத்தம் போய்விட்டது. மற்றப் பேச்செல்லாம் கேட்டது. மழை வரும்போலிருக்கிறது என்பார், கேட்கும். கதவைச் சாத்து என்பார், உதடு மட்டும் அசையும். அக்டோபர் மாதப் பதவி உயர்வில் கீழே படையில்லாத ஆலோசகர்களாகப் போன வேறு சிலருக்கும் முன்பு இப்படி ஆகியிருந்ததால் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கர்னலாக இருந்தவரை அவரிடம் ஒரு ரெஜிமென்ட் இருந்தது. அவர் இருமினால் மைதானமே நிமிரும். தோள்பட்டைச் சின்னம் மாறியதும் ரெஜிமென்ட் கர்னல் விச்சித்துக்குப் போயிற்று. தம்ரோங்குக்கு ஆலோசகர் என்ற பெயரும் ஏசி அறையும் அகலமான நாற்காலியும் கிடைத்தன. எதிரே வருகிறவர்கள் முன்னைவிட விறைப்பாக சல்யூட் அடித்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். நூடுல்ஸ் கடை சமோன் மட்டும் சிரித்தாள். “ஐயா வாயசைக்கிறதப் பாத்தா எங்க வீட்டு மீன்தொட்டி ஞாபகம் வருது. பன்னிக்கறியா, மீன் உருண்டையா? விரலால காட்டுங்க.” அவர் காட்டினார். சில நாள் சாயங்காலம்வரை அறையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் குரல் இத்தனை வருஷமும் தன் தொண்டையில்தான் இருந்ததா என்று யோசிப்பார்.

மறு ஆண்டு ஆறு கரையுடைத்தது. மனைவி ரம்பாய் மேற்கே அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். கூரைமேல் ஏறிவிட்டோம் என்று போனில் சொன்னாள்; அதோடு போன் நின்றது. தம்ரோங் கர்னல் விச்சித்திடம் ஓடினார். மேற்கே படகு அனுப்பு என்றார். சத்தமில்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினார். சிப்பாய்கள் சல்யூட்டை இறக்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு, “என் பெண்டாட்டி அங்க கூரைமேல இருக்கா” என்றார். அது கேட்டது.

“ஐயா, மேற்குக்கு ஒரு படகு ஒதுக்கியாச்சு” என்றார் விச்சித். “முன்னாடி உக்காந்து கம்பி, மரம் பாத்துச் சொல்ல ஆள் இல்லாம நிக்குது.”

“நான் போறேன்.”

படகுக்குப் பொறுப்பான சார்ஜண்ட் புன்லர்த் பிடரியைச் சொறிந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. படகுல நான் சொல்றதுதான்.”

“சரி, சார்ஜண்ட்.”

சார்ஜண்ட் அவரைப் படகின் முனையில் உட்காரவைத்தார். “நீங்க பாத்துச் சொல்லுங்க. நாங்க திருப்புறோம்.”

மாந்தோப்பு மூழ்கிக் கிடந்த இடத்தில் தண்ணீரை ஒட்டி மின்கம்பி தொங்கியது. “இடது! இடது பக்கம் திருப்பு!” என்றார் தம்ரோங். மறுகரைவரை கேட்டது. படகு திரும்பியது. துடுப்புப் போட்டவர்கள் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரம்பாய் அக்காவை இறுகப் பிடித்துக்கொண்டு ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“அக்காவ முதல்ல இறங்க விடு. நீ இங்க கால வை. இறங்கு!”

“இறங்குறேன், இறங்குறேன். இப்படியா கத்துவீங்க? எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு” என்றாள். படகில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்த பிறகுதான் அழுதாள்.

திரும்பி வந்து, மேட்டுக் கோயில் படிக்கட்டில் படகு தட்டி நின்றது. எல்லாரும் இறங்குங்க என்றார் தம்ரோங். சத்தம் வரவில்லை. சார்ஜண்ட் அவர் உதட்டைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். மேஜர் ஜெனரலும் இறங்கினார்.